நலவாழ்வில் அரியர்

மைக்ரோபிராசசர் கிட்டின் மேல் நெற்றி மோதிய சத்தம் ஆய்வகத்தின் கடைசி மேசை வரை கேட்டது. மோதிய நெற்றி இசக்கிசெல்வியுடையது.

"அய்யய்யோ, பொண்ணு மயங்கிட்டா! தண்ணி கொண்டாங்கப்பா!" என்று மஞ்சுளா மேடம் அலறினார்.

இசக்கிசெல்வி மயங்கவில்லை. தூங்கினாள். மோதிய வலியில் தூக்கமும் கலைந்துவிட்டது. கண்ணைத் திறக்கப் போன நேரத்தில் மேடத்தின் அலறல் காதில் விழவே, திறக்கவில்லை. ஆய்வகத்தில் தூங்கினால் மூன்று நாள் சஸ்பென்ஷன்; வீட்டிலிருந்து ஆள் கூட்டிவர வேண்டும். மயங்கினால் குளுக்கோஸ் தருவார்கள். மூன்றாம் வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பெண்ணுக்கு இதில் எது நல்லது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

முகத்தில் தண்ணீர் விழுந்ததும் இமைகளை மெல்லத் திறந்து, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

"லேப்லதான்மா இருக்க," என்றார் மேடம், கண்கலங்க. இசக்கிசெல்வியின் நெற்றியில் ‘ரீசெட்’ பொத்தான் சதுரமாகப் பதிந்திருந்தது.

குளுக்கோஸ் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த மாதம் கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருவதாக இருந்தது. மண்ணூரைத் தாண்டி, வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த நிலத்தில் எழும்பிய கல்லூரி அது. நான்கு கட்டடங்கள், ஒரு நுழைவாயில். நுழைவாயில்தான் இருப்பதிலேயே பெரியது. நூலகத்தில் புத்தகம் குறைந்தால் வேறு கல்லூரியில் இரவல் வாங்கி அடுக்கிவிடலாம் என்பது பிரின்சிபலுக்குத் தெரியும். கமிட்டிக்காரர்கள் நடந்துபோகும்போது மாணவிகள் இரண்டு பக்கமும் பொத்துப் பொத்தென்று விழுந்தால் என்ன செய்வது? அன்று மாலையே, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த மாடி அறைக்கு வெளியே ‘மாணவர் உடல்நல மனநல மையம்’ என்று போர்டு மாட்டப்பட்டது. பெயிண்ட் காய்வதற்குள் பொறுப்பாளரையும் நியமித்துவிட்டார்.

பொறுப்பாளர் ஏசுவடியான் சார். கணக்கு வாத்தியார். மூன்று கல்லூரிப் பேருந்துகள், ஆண்கள் விடுதி, தேர்வு அறை, கமிட்டிக்கான ஃபைல்கள் எல்லாம் ஏற்கெனவே அவர் பொறுப்பில் இருந்தன. நன்றாக வேலை செய்கிறவருக்கு மேலும் வேலை கொடுத்து கௌரவிக்க வேண்டும் என்பது பிரின்சிபலின் கொள்கை.

மறுநாள் இசக்கிசெல்வி மையத்தின் முதல் நோயாளியாக அவர் முன்னால் உட்கார்ந்தாள். சார் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"பன்னு சார்."

"மத்தியானம்?"

"பன்னுல மீதி சார்."

"எத்தன மணி நேரம் தூங்குற?"

இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் சிரமம். சுங்குவார்சத்திரத்தில் லீலா என்பவரின் மாடி அறையில் அவள் அக்கா கனகலட்சுமியோடு தங்கியிருந்தாள். அக்காவுக்கு ஒரகடம் பக்கம் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. கூடவே அதே கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று அலாரம். யாருடைய அலாரம் அடித்தாலும் முதலில் எழுந்திருப்பது இசக்கிசெல்வி. அலாரத்துக்குச் சொந்தக்காரி அதை அணைத்துவிட்டுத் திரும்பவும் தூங்குவாள்.

"நாலு மணி நேரம் இருக்கும் சார். தொடர்ச்சியா இல்ல."

சார் பேனாவை எடுத்தார். எட்டு மணி நேரத் தூக்கம். வேளைக்கு அரை மணி நேரம் மென்று தின்கிற மூன்று வேளைச் சாப்பாடு. அரை மணி நேர நடை. அரை மணி நேரத் தியானம். அரை மணி நேரம் தோழிகளோடு சிரித்துப் பேசுதல். எல்லாவற்றையும் தினமும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, ஒரு பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

இசக்கிசெல்வி அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். காலேஜ் எட்டு மணி நேரம். ஊரையெல்லாம் சுற்றி வரும் காலேஜ் பஸ், போக வர மூன்று. ரெக்கார்டு, அசைன்மெண்ட், மினி புராஜெக்ட் நாலு. குளிக்க, துவைக்க, தண்ணி பிடிக்க ஒன்று.

"சார், இருபத்தேழு மணி நேரம் வருது சார்."

கணக்கு வாத்தியார் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"சில ஐட்டத்த சேத்துச் செய். நடந்துகிட்டே சிரி," என்றார்.

அக்காவிடம் நோட்டைக் காட்டியபோது அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மன அழுத்தம்னு எழுதியிருக்கே, யாருக்கு?"

"எனக்குத்தான்க்கா."

"எங்க லைன்ல அதுக்கெல்லாம் பிரேக் விட மாட்டாவ," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள் கனகலட்சுமி. பன்னிரண்டாவதில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். தங்கையாவது இன்ஜினியர் ஆகட்டும் என்று வள்ளியூரிலிருந்து ரயிலேறி வந்து கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இசக்கிசெல்வியால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியும்.

நடையை மறுநாள் விடிகாலையிலேயே தொடங்கினாள். மார்கழிக் குளிர். கதவுக்குப் பின்னால் தொங்கிய அக்காவின் இன்னொரு கம்பெனிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரமாகப் பாதி கண் திறந்தபடி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாமா, அசஞ்சு அசஞ்சு வர! டைமாவுது, ஏறு ஏறு!" என்றார் டிரைவர்.

பஸ் நின்றால் ஏற வேண்டும். ஏறினால் தூங்க வேண்டும். மூன்று வருடப் பழக்கம். ஏறினாள், தூங்கினாள். அந்த மாதத்திலேயே அவள் நன்றாகத் தூங்கியது அந்த முக்கால் மணி நேரம்தான்.

கண் விழித்தபோது ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டுக்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். செக்யூரிட்டி அடையாள அட்டையைக் கேட்டார். கழுத்திலிருந்ததை எடுத்துக் காட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, பி.ஈ. மூணாவது வருஷம்னு போட்டுகீது? இங்க இன்னா காலேஜா நடத்திகினு கீறாங்க?"

இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வந்து சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. அரை நாள் ஆப்சென்ட். ஏற்கெனவே கழுத்தளவில் இருந்த அட்டெண்டன்ஸ் பற்றாக்குறை மூக்குக்கு ஏறியது. ஏசுவடியான் சார் நடந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவளுடைய ஃபைலில் எழுதினார்: ‘நடக்கச் சொன்னால் பேருந்தில் ஏறுகிறார். தான் எங்கே போகிறோம் என்ற தெளிவு இல்லை.’

"சார், தூக்கக் கலக்கத்துல—"

"பயப்படாத. தியானம் பண்ணினா சரியாயிரும்."

அறையில் தியானம் செய்ய இடமில்லை என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சார் அதைப் பிரின்சிபலிடம் சொன்னார். பிரின்சிபல் மகிழ்ந்துபோனார். கமிட்டி வரும் நேரத்தில் ஆயிரம் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் போட்டோவை விட நல்ல ஆவணம் வேறு என்ன இருக்க முடியும்? மறுநாளிலிருந்து எல்லா மாணவர்களுக்கும் மாலை நாலரை முதல் ஐந்தரை வரை மைதானத்தில் கட்டாயத் தியானம். பஸ்கள் அதற்குப் பிறகுதான் கிளம்பும். கண்ணைத் திறந்தால் அட்டெண்டன்ஸ் கிடையாது. கண்ணை மூடித் தூங்கினாலும் கிடையாது. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வரிசைக்கு ஒரு விரிவுரையாளர் நின்றார்.

இத்தனைக்கும் காரணம் யார் என்பது இரண்டாம் நாளே கல்லூரிக்குத் தெரிந்துவிட்டது. செங்கல்பட்டிலிருந்து வருகிற பெண்கள் வீடு போய்ச் சேர இருட்டிவிடுகிறது. அவர்கள் இசக்கிசெல்வியைப் பார்த்த பார்வையில் தியானத்தின் சாந்தம் எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. ரெக்கார்டு இரவல் கொடுக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அதனால் நோட்டில் ‘தோழிகளோடு சிரித்துப் பேசுதல்’ என்ற கட்டம் நான்கு நாளாகக் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டம் ஒவ்வொன்றும் ஃபைலில் ஏறும். ஐந்தாம் நாள் வேறு வழியில்லாமல் கீழே போய், வீட்டுக்கார லீலாவிடம் நின்றாள்.

"அக்கா, ஒரு அரை மணி நேரம் சிரிச்சுப் பேசணும்க்கா. பேசினேன்னு ஒரு கையெழுத்து வேணும்."

"அதுக்கின்னாமா, உக்காரு. என்கிட்ட பேச யாரு கீறாங்க?" என்றார் லீலா, ஆசையாக.

ரோட்டோர நிலத்தைக் கம்பெனிக்கு விற்றபோது மைத்துனர் செய்த மோசம், முழங்கால் வலி, மருமகள் வைக்கிற குழம்பு, மருமகளின் அம்மா, அந்த அம்மாவின் நாக்கு என்று இரண்டு மணி நேரம் போனது. நடுவில் இரண்டு தடவை லீலா அழுதார். ஒரு தடவை, எதற்கென்று தெரியாமல், இசக்கிசெல்வியும் அழுதாள். கடைசியில் ‘சிரித்துப் பேசினார்’ என்ற இடத்தில் லீலா மூக்கைச் சிந்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நாளிக்கும் வா. மாமியார் கதைய இன்னும் ஆரம்பிக்கவேல்ல."

அடுத்த வாரம் பிரின்சிபல் ஒரு புதிய யோசனையோடு வந்தார். நலவாழ்வு இவ்வளவு முக்கியமானது என்றால் அதைப் பாடமாகவே வைத்துவிட்டால் என்ன? வைத்தார்கள். ஐந்து யூனிட். இரண்டு இன்டர்னல் டெஸ்ட். ரெக்கார்டு நோட்டு, வைவா. ‘மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி’ என்று நாற்பது பக்கத்தில் அசைன்மெண்ட். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பாதி மதிப்பெண். அந்த வார இறுதியில் கல்லூரியில் மன அழுத்தம் என்றால் என்ன என்று அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

டெஸ்ட் நடந்தது. ‘மகிழ்ச்சியை வரையறுத்து அதன் வகைகளைப் படத்துடன் விளக்குக’ என்று பத்து மதிப்பெண் கேள்வி. இசக்கிசெல்வி ஒரு பாய் வரைந்து, தலையணையும் வரைந்து, பாகங்களைக் குறித்தாள். ‘ஒரு மாணவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு ‘கிடைக்கிற வரைக்கும்’ என்று எழுதினாள். மூன்றாவது கேள்வியைப் படிக்கும்போது தூங்கிவிட்டாள்.

கணக்கில் தொண்ணூற்றிரண்டு. மைக்ரோபிராசசரில் எண்பத்தொன்று. நலவாழ்வில் பதினேழு.

பிரின்சிபல் அவளைக் கூப்பிட்டு மிகுந்த கருணையோடு பேசினார்.

"உனக்கு ஓய்வு தேவைம்மா. ஒரு செமஸ்டர் வீட்ல இரு. உடம்பத் தேத்திகிட்டு அடுத்த வருஷம் ஜூனியர்சோட சேந்துக்கலாம். கார்டியன வரச் சொல்லு."

இசக்கிசெல்விக்கு இந்தமுறை நிஜமாகவே மயக்கம் வரும்போல் இருந்தது. ஒரு செமஸ்டர் போனால் அடுத்த மாதக் கேம்பஸ் இன்டர்வியூ போகும். அக்கா இன்னும் ஒரு வருடம் கூடுதலாக லைனில் நிற்க வேண்டும். ஊரில் அக்காவுக்கு வரன் பார்க்கிறேன் என்ற அம்மாவிடம், ‘இவ படிச்சு முடிக்கட்டும், பொறவு பாக்கலாம்’ என்று அவள் போனில் சொன்னதை இசக்கிசெல்வி கேட்டிருக்கிறாள்.

படியேறி மையத்துக்கு ஓடினாள். ஏசுவடியான் சார் ஒரு கையில் பஸ் டீசல் கணக்கும் மறுகையில் திருத்தாத விடைத்தாள் கட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"சார், உண்மையச் சொல்லிருதேன் சார். அன்னைக்கு நான் மயங்கவே இல்ல. தூங்கிட்டேன். சஸ்பென்ஷனுக்குப் பயந்து நடிச்சேன். எனக்கு ஒரு நோயும் இல்ல சார். தூக்கந்தான் இல்ல."

சார் அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"தனக்கு ஒண்ணுமே இல்லன்னு சாதிப்பாங்கன்னு இதுல போட்டிருக்கு. முத்தின நிலைன்னும் போட்டிருக்கு."

"சார்!"

"அக்காவக் கூட்டிட்டு வா," என்றார் சார். கண்கள் சொருக ஃபைலில் என்னவோ எழுதினார். அவர் கையெழுத்து கோணிக்கொண்டு போய்ப் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி மேசையில் முடிந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கனகலட்சுமி வந்தாள். அப்படியே மத்தியான ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்பதால் கம்பெனிக் கோட்டோடும் சாப்பாட்டுப் பையோடும் வந்திருந்தாள். மாடிப்படியில் ஏறும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"லேப்ல தூங்கினியா?"

"ஆமாக்கா."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா மூணு நாள்ல முடிஞ்சிருக்கும்லாட்டி."

இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கனகலட்சுமி கோட்டைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கிசெல்விக்கு உள்ளே சாரின் குரல் மட்டும் விடாமல் கேட்டது. தணிந்த, உடைந்த குரல். வார்த்தைகள் ஒன்றிரண்டுதான் பிடிபட்டன. "எட்டு மணி நேரம்..." என்றார். "தூக்கம்..." என்றார். "வீட்டுக்கு அனுப்பி..." என்றார். இடையிடையே அக்கா, "ஆமா சார்," "கண்டிப்பா அனுப்பிருவாவ சார்," என்பதும் கேட்டது.

அனுப்பிருவாவ! அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள்.

ஆபீஸ் ஊழியர் கங்கா இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே போய்த் திரும்பி வந்தார். கதவைச் சாத்திவிட்டு இசக்கிசெல்வி பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாமா, உடம்புக்கு அவ்ளோ மோசமா? சாரு கண்ணெல்லாம் கலங்கி கீது. உங்கக்கா கர்ச்சீப்பு எடுத்துக் குடுக்குது."

இசக்கிசெல்வி எழுந்து ஜன்னல் ஓரம் போனாள். கீழே மைதானத்தில், கமிட்டிக்காக வாடகைக்கு வந்த பூந்தொட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தாள். ‘உடம்பு சரியில்ல’ என்றால் நம்பமாட்டார்கள். மூன்று வேளை சோறு தின்ற காலத்திலேயே அவள் இப்படி ஒல்லியாகத்தான் இருந்தாள். ‘நலவாழ்வில் ஃபெயில்’ என்று சொன்னால் அப்பாவுக்குப் புரியாது. அவளுக்கே புரியவில்லை. அக்கா ராத்திரி பகல் பார்க்காமல் நின்ற நிற்பெல்லாம் ஒரு பொய்யால் போயிற்று என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் ஃபைலில் எழுதுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஏசுவடியான் சார் வாசல் வரை வந்து, கனகலட்சுமியைப் பார்த்துக் கை கூப்பினார்.

"ரொம்ப நன்றி மேடம். மறந்துராதீங்க."

"கவலப்படாதீய சார்," என்றாள் கனகலட்சுமி. அவள் கையில், வாய் ஒட்டிய பழுப்புக் கவர் ஒன்று இருந்தது.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கனகலட்சுமி கவரை மார்போடு அணைத்தபடி நுழைவாயில் வரை வேகமாக நடந்தாள். இசக்கிசெல்வியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என்னைக்குக்கா ஊருக்குப் போவணும்?"

"ஊருக்கா? எதுக்கு?"

"ஒரு செமஸ்டர்—"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. நீ தூங்கினது அவருக்கு மொதல்லயே தெரியுமாம். பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சாம். பிரின்சிபலுக்குப் பயந்துக்கிட்டு எழுதினாராம். என் முன்னாடியே பதினேழ எழுவத்தொண்ணா திருத்திட்டாரு. ஒனக்குப் பூரண கொணம்னு சர்டிபிகேட்டும் எழுதிட்டாரு."

இசக்கிசெல்விக்கு நம்பிக்கை வரவில்லை. இதற்கு எதற்கு ஒரு மணி நேரம்? அக்கா எதையோ மறைக்கிறாள். அவள் கண் பழுப்புக் கவரிலேயே நின்றது.

"அப்ப இது என்னக்கா? என் ஃபைலா?"

கனகலட்சுமி கவரைச் சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"அவரு பயோடேட்டாட்டி. எட்டு மணி நேரமானா சைரன் ஊதி, பஸ்ல ஏத்தி வீட்டுக்கே அனுப்பிருவாவளாமேன்னு கேட்டாரு. எங்க லைன்ல ஆள் எடுக்காவளான்னு சூப்பர்வைசர்ட்ட கேக்கச் சொன்னாரு."